விசுவாசமும் பெறுபேறும்: ரொறொன்ரோக் கைமாற்றம் குறித்து ஒரு மறுப்பு

2018 ஆம் ஆண்டு யூலை மாதம் 18 ஆந் திகதி, கனடாவின் ரொறொன்ரோ நகரக் கூடைப்பந்தாட்டக் கழகமாகிய ரப்ரர்ஸ், ஒன்பது பருவங்கள் தனக்காக ஆடிய டெமார் டெறோசன் என்னும் வீரரை ஐக்கிய அமெரிக்காவின் சான் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் கழகத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கவாய் லெனாட் என்பாரைப் பெற்றுக்கொண்டது. பதினொரு மாதங்களின் பின்னர், 2019 யூன் 13 இல், அக்கழகம் தன் வரலாற்றில் முதன்முறையாக என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது. இவ்விரு செய்திகளையும் ‘ஆகவே’ என்ற ஒரு சொல்லாற் பிணைத்து, ‘கிண்ணம் வந்தது, ஆகவே செய்தது சரியே’ எனப் பலர் தீர்ப்பு வழங்கிவிட்டனர். அந்த ‘ஆகவே’ பொய்யானது என்பதே ஈண்டு நிறுவப்படவேண்டியது.

ரொறொன்ரோ இலங்கைத் தமிழர்க்கு அந்நிய நகரன்று. அங்கு குடியேறி வாழும் உறவினரின் தொலைபேசிப் பேச்சினூடாக அந்நகரின் பனியும் வாடகையும் போலவே அதன் பந்தாட்டக் கழகத்தின் வெற்றிதோல்வியும் இங்குள்ள வீடுகளை எட்டுவதுண்டு. ஆதலின் இது தூரதேசத்து விளையாட்டுச் செய்தியென ஒதுக்கத்தக்கதன்று. அதனினும் முக்கியமானது, பெறுபேறு கிடைத்துவிட்டால் அதனைப் பெற்ற வழி கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடும் என்ற எண்ணம் பந்தாட்டத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதாம்.

முதலில் நடந்ததைக் கூறல் வேண்டும். கலிபோர்னியாவின் கொம்ப்ரன் நகரிற் பிறந்த டெறோசன், 2009 ஆம் ஆண்டுத் தெரிவில் ஒன்பதாமவராக ரொறொன்ரோவால் எடுக்கப்பட்டார். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒரேயொரு என்.பி.ஏ. கழகம் அது. நட்சத்திர வீரர்கள் அங்கு போவதை விரும்புவதில்லை, போனவர்களும் நிலைப்பதில்லை என்பதே அக்கழகத்தைப் பற்றிய பொதுப்பேச்சு. வின்ஸ் காட்டர் 2004 இற் போனார். கிறிஸ் பொஷ் 2010 இல் மயாமிக்குப் போனார். பொஷ் போனபொழுது இருபது வயதுப் பையனாயிருந்த டெறோசன், கவலைப்படவேண்டாம், தான் இருக்கிறேன் என்ற பொருள்பட இரசிகர்களுக்கு எழுதினார். எழுதியதை அவர் காப்பாற்றினார் என்பதே இவ்விடயத்தின் மையம். 2016 இல் ஒப்பந்தம் முடிந்து, எக்கழகத்துக்கும் போகும் உரிமை கைக்கு வந்தவேளை, அவர் பிற கழகங்களோடு பேச உட்காரவேயில்லை. தாம் வளர்ந்த ஊரின் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸோடுகூடப் பேசாது, ஐந்து ஆண்டுகளுக்கு 139 மில்லியன் டொலர் என ரொறொன்ரோவுடனேயே மீண்டும் ஒப்பமிட்டார். அவர் அங்கிருந்து அனுப்பப்பட்டபோது அக்கழகத்துக்காக மிகக்கூடிய ஆட்டங்களை ஆடியவரும் மிகக்கூடிய புள்ளிகளைப் பெற்றவரும் அவரே.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. டெறோசனின் அணி 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடம் தோற்று வெளியேறிற்று. இறுதி இரண்டிலும் ஓர் ஆட்டத்தையேனும் வெல்லவில்லை. 2018 தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் இறுதிக் காற்பகுதி முழுவதும் டெறோசன் ஆடுகளத்துக்கு வெளியே இருத்தப்பட்டார். அப்பருவத்தில் 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்ற அணி அது. பயிற்றுநர் டுவேன் கேசி மே மாதத்தில் நீக்கப்பட்டார். யூன் மாதத்தில் அவருக்கே அவ்வாண்டின் சிறந்த பயிற்றுநர் விருது கிடைத்தது. (இது நகைச்சுவை நாடகமொன்றில் வந்தால் நம்பமாட்டார்கள்.) அடுத்த மாதம் டெறோசனின் முறை வந்தது.

லெனாட், டெறோசனிலும் ஆற்றல் மிக்க ஆட்டக்காரர் என்பதில் ஐயமில்லை. 2014 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர். 2015, 2016 ஆகிய இரு பருவங்களிலும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர். ஆயின் தொடைத்தசைக் காயத்தினால் 2017-18 பருவத்தில் ஒன்பது ஆட்டங்களே ஆடியிருந்தார். ஓராண்டின் பின் விலகிச்செல்லும் உரிமையும் அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. இத்தகைய ஒருவருக்காகத் தன் பெருவீரரை விடுத்த கழகத் தலைவர் மசாய் உஜிரியின் துணிவை இரசிகரும் எழுத்தாளரும் போற்றினர். துணிவு என்பது உண்மையே. தாம் கைமாற்றப்படமாட்டார் எனத் தமக்கு உணர்த்தப்பட்டிருந்தது என்றும், நடந்தது வேறு என்றும், இவ்விளையாட்டில் விசுவாசத்துக்கு இடமில்லை என்றும் டெறோசன் பகிரங்கமாகக் கூறினார். உஜிரியோ, தம்மிருவருக்குமிடையே தெளிவான புரிதல் இல்லாது போயிற்று எனக் கூறி, இரு தினங்களின் பின் செய்தியாளர் முன்னிலையில் மன்னிப்புக் கோரினார். இருவருள் எவர் சொல் சரி என்பதை ஆராய்தல் இங்கு அவசியமன்று. மன்னிப்புக் கோரப்பட்டது என்ற ஒன்றே போதும். கோரவேண்டிய ஏதோவொன்று இருந்தது என்பதற்குக் கழகத்தின் வாயே சாட்சி.

கிண்ணம் வந்த பின்னர் அந்த மன்னிப்பை எவரும் நினைப்பதில்லை. கழகத்தின் கடமை வெல்லுதல்; வென்றது; வழக்கு முடிந்தது என்பது பெறுபேற்றுவாதிகளின் தருக்கம். இதனைச் சற்று உரசிப் பார்த்தல் வேண்டும்.

2019 மே 12 இல், பில்லடெல்பியாவுக்கு எதிரான ஏழாம் ஆட்டம். புள்ளிகள் 90 இற்கு 90. ஆட்டநேரம் முடியும் கணத்தில் மூலையிலிருந்து லெனாட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு தடவை துள்ளிற்று. பின்னர் உள்ளே விழுந்தது. ரொறொன்ரோ வென்றது. அப்பந்து நான்காந் துள்ளலில் வெளியே சரிந்திருப்பின் மேலதிக ஆட்டநேரம். அதில் தோற்றிருப்பின் கிண்ணமில்லை. லெனாட் எப்படியும் அவ்வாண்டு யூலையிற் போயிருப்பார். அப்போது இதே கைமாற்றம் துரோகம் என்றும் மதியீனம் என்றும் எழுதப்பட்டிருக்கும். எழுதுவோரும் பெரும்பாலும் இன்று போற்றுவோராகவே இருந்திருப்பர். 2018 யூலையில் ஒரு மனிதருக்குச் செய்யப்பட்ட செயல் நீதியா அன்றா என்பதைப் பத்து மாதங்களின் பின் ஓர் இரும்பு வளையத்தின் விளிம்பு தீர்மானிப்பதாயின், அது நீதி பற்றிய விசாரணையன்று, திருவுளச்சீட்டு. இறுதிப்போட்டியில் எதிரணியாகிய கோல்டன் ஸ்ரேற்றின் கெவின் டுறான்ற் ஐந்தாம் ஆட்டத்திலும் கிளே தொம்சன் ஆறாம் ஆட்டத்திலும் காயமுற்று வீழ்ந்தமையையும் இங்கு நினைத்தல் தகும். வெற்றியின் மதிப்பைக் குறைத்தற்காக இது கூறப்படவில்லை. எத்தனை தற்செயல்களின் மீது அந்த ‘ஆகவே’ நிற்கின்றது என்பதைக் காட்டுதற்கே கூறப்படுகின்றது. டெறோசனின் அணியை மூன்றாண்டு மறித்து நின்ற ஜேம்ஸ், கைமாற்றம் நிகழ முன்னரே அந்த யூலை மாதத் தொடக்கத்தில் மேற்குப் பிரிவின் லேக்கர்ஸுக்குப் போய்விட்டார் என்பதையும் பெறுபேற்றுவாதிகள் தம் கணக்கிற் சேர்ப்பதில்லை.

மறுதலையான உதாரணம் அண்மையில் நிகழ்ந்தது. 2024 இல் இறுதிப்போட்டிவரை சென்ற டலஸ் கழகம், 2025 பெப்ரவரி தொடக்கத்தில் தன் இளம் நட்சத்திரம் லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து அன்ரனி டேவிஸைப் பெற்றது. இரசிகர்கள் அரங்கின் வாயிலில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வாண்டு நவம்பரில், கைமாற்றத்தைச் செய்த பொதுமுகாமையாளர் நிக்கோ ஹரிசன் பதவி இழந்தார். அவரை ஏசியோர் அவர் கணக்குப் பிழைத்ததற்காகவே பெரிதும் ஏசினர். கணக்குச் சரியாயிருந்திருப்பின்? அவ்வினா எவர் வாயிலும் வரவில்லை.

ஆயின், ‘ஒருவரையும் ஒருபோதும் மாற்றக்கூடாது’ என்பதுதான் இம்மறுப்பின் முடிவா? அன்று. அது வெறும் உணர்ச்சிவசப்பாடு. அணி என்பது ஒருவருக்காக இருப்பதன்று. ஆற்றல் குறைந்தவரை அல்லது பொருந்தாதவரை மாற்றுதல் விளையாட்டின் இயல்பு. ஒஸ்கார் றொபேட்சனின் கதை இவ்விடத்திற் பெரிதும் பயன்படும். சின்சினாற்றியிற் பத்துப் பருவங்கள் ஆடிய அப்பெருவீரர் 1970 இல் மில்வோக்கிக்கு மாற்றப்பட்டார்; மறு ஆண்டே, பின்னாளிற் கரீம் அப்துல் ஜபார் எனப் பெயர் கொண்டவரோடு இணைந்து கிண்ணம் வென்றார். நீண்டகால நட்சத்திரத்தின் கைமாற்றம், உடனடிப் பெறுபேறு என்னும் இரண்டும் இங்கும் உள. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாற்றத்தை மறுக்கும் உரிமை றொபேட்சனின் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் முன்னர் வந்த ஓர் ஏற்பாட்டை மறுத்தார்; மில்வோக்கியை ஏற்றார். அவர் அனுப்பப்படவில்லை, இசைந்து சென்றார். கைமாற்றம் ஒன்றே, அதனுள்ளிருக்கும் மனித உறவு வேறு.

அதே 1970 இல் றொபேட்சன் வீரர் சங்கத்தின் தலைவராக என்.பி.ஏ.க்கு எதிராக வழக்கும் தொடுத்தார். ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரனைக் கழகத்தோடு கட்டிவைத்த விதியை அவ்வழக்கு தாக்கிற்று. 1976 இல் இணக்கத்தில் முடிந்தது. இன்று வீரர்கள் ஒப்பந்த முடிவில் விரும்பிய இடம் செல்வதற்கு அதுவே வழி திறந்தது. அதற்குச் சற்று முன், 1969 இல், பேஸ்போல் வீரர் கேட் ஃபிளட், பன்னிரண்டு பருவங்கள் ஆடிய சென் லூயிஸ் கழகம் தம்மைப் பில்லடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். தாம் விற்றுவாங்கும் உடைமையல்லர் என ஆணையாளருக்கு எழுதினார். வழக்கு 1972 இல் உயர்நீதிமன்றத்தில் ஐந்துக்கு மூன்று எனத் தோற்றது. அவரது விளையாட்டு வாழ்வும் அத்தோடு முடிந்தாற்போலாயிற்று. ஆயினும் மறு ஆண்டே பேஸ்போலில் ஒரு விதி வந்தது: பத்து ஆண்டு ஆடி, அவற்றுள் இறுதி ஐந்து ஆண்டும் ஒரே கழகத்தில் இருந்தவரை அவர் சம்மதமின்றி மாற்றலாகாது.

கூடைப்பந்தாட்டத்தில் அத்தகைய தானான உரிமை இல்லை. மறுப்புரிமையைத் தனியே பேரம்பேசி ஒப்பந்தத்தில் எழுதுவித்தல் வேண்டும். அதற்கும் எட்டு ஆண்டு அனுபவமும் அதே கழகத்தில் நான்கு ஆண்டும் வேண்டும். 2016 இல் டெறோசன் ஒப்பமிட்டபோது அவர் ஆடி முடித்திருந்தவை ஏழு பருவங்கள். வேறெவரோடும் பேசாது தன் வயதின் சிறந்த ஐந்தாண்டுகளையும் எழுதிக்கொடுத்த மனிதருக்கு, ‘என்னைக் கேளாது அனுப்பவேண்டாம்’ என்று எழுதிக் கேட்கும் தகுதியே விதிப்படி இருக்கவில்லை. எழுத்தில் இல்லாதபோது சொல்லைத்தான் நம்பவேண்டும். சொல்லை நம்பினார்.

இனி, ‘139 மில்லியன் டொலர் பெறுபவருக்கு என்ன கண்ணீர்?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஐந்தாம் ஆண்டை அவருக்கு எழுத்தில் தரக்கூடியது அவருடைய சொந்தக் கழகம் ஒன்றே; ஏனையவை நான்காண்டுக்கு மேற் கொடுத்தல் விதிக்கு மாறு. ஆகவே நிலைத்திருத்தலில் அவருக்கு ஆதாயமும் இருந்தது; அவரைத் துறவியாக்கத் தேவையில்லை. ஃபிளட்டிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. ஆண்டுக்கு 90,000 டொலர் பெறுபவருக்கு என்ன குறை என்றபோது, நல்ல ஊதியம் பெறும் அடிமையும் அடிமையே என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். டெறோசனை அடிமை என்றல் மிகை. அச்சொல்லின் கனத்தை அது குறைத்துவிடும். ஆனால் ஊதியத்தின் அளவு உறவின் இயல்பை மாற்றுவதில்லை என்ற அளவில் ஃபிளட் கூறியது முற்றிலும் சரி. தொகை பெரிதாயின் கொடுத்த சொல்லைக் காக்கும் கடமை சிறிதாகும் என்று எந்த அறநூலும் கூறவில்லை.

விசுவாசம் என்பது இங்கு எவரால் விற்கப்படுகின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. 2018 இல் ரப்ரர்ஸ் கழகத்தை உடைமையாகக் கொண்டிருந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் பெல், றொஜேர்ஸ் என்னும் இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வசமிருந்தன. அவ்விரு நிறுவனங்களின் தொலைக்காட்சி அலைவரிசைகளே ஆட்டங்களை ஒளிபரப்பின. 2014 முதல் ‘வடக்கு நாமே’ என்ற பொருள்படும் சுலோகம் நகரெங்கும் கொடிகளிலும் மேற்சட்டைகளிலும் பொறிக்கப்பட்டது. ‘நாம்’ என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். நுழைவுச்சீட்டு வாங்குபவனும் பத்தாம் இலக்கச் சட்டை அணியும் சிறுவனும் அதில் அடங்குவர். அவர்களுக்கு அந்த ‘நாம்’ என்பதன் முகமாகக் காட்டப்பட்டவர் டெறோசன். விட்டுப்போகாத வீரன் என்ற உருவமே அங்கு பண்டமாயிற்று. அதனை ஆண்டாண்டாக விற்று இலாபம் கண்டவர்கள், கணக்கு மாறிய ஒரு நாளில், ‘இது வெறும் வாணிகம்’ என்கின்றனர். வாணிகமேயாயின் வாயிலிலும் அதனையே எழுதி ஒட்டியிருக்கலாம். வாயிலில் விசுவாசத்தை விற்றவனுக்கு, உள்ளறையில் வாணிகத்தைச் சாட்டும் உரிமை இல்லை.

தமிழிற் ‘செஞ்சோற்றுக்கடன்’ என்றொரு சொல் உண்டு. உண்ட சோற்றுக்காகத் தலைவன் பொருட்டு உயிர் கொடுப்பது வீரன் கடன் என்பது அதன் பொருள். கர்ணனைப் பேசும்போதெல்லாம் அச்சொல் நாவில் வரும். சோறிட்டவனின் கடனைச் சுட்ட அத்துணை வழக்கிலுள்ள சொல்லொன்று இல்லை. ஆயினும் பழைய புறத்திணை மரபு அதனை முற்றாக மறந்துவிடவில்லை. போருக்குமுன் மன்னன் தன் வீரர்க்குச் சோறளிக்கும் பெருஞ்சோற்றுநிலையைத் தொல்காப்பியம் வஞ்சித்திணையில் ஒரு துறையாகவே வகுத்துள்ளது. வீரயுகத்துத் தலைவனையும் ஏதோவொரு கடமை கட்டியிருந்தது. நவீன அரங்கின் முதலாளி முதற்கடனை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டிருக்கிறான்.

இந்த ஒருதலைக்கடனுக்கு இரசிகர்களும் உடந்தையே. 2010 இல் ஒப்பந்தம் முடிந்து, சட்டப்படி தமக்கிருந்த உரிமையோடு ஜேம்ஸ் கிளீவ்லாந்தை விட்டு மயாமிக்குப் போனபோது அவரது சட்டைகள் தெருவிற் கொளுத்தப்பட்டன. கழக உரிமையாளர் டான் கில்பேட் அதனைத் துரோகம் எனப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அறிவித்த முறையில் ஜேம்ஸ் ஆணவம் காட்டினார் என்பது உண்மையே. அதற்குரிய கண்டனமும் நியாயமே. ஆனால் 2017 இல் பொஸ்ரன் கழகம் ஐசையா தோமஸை, இடுப்புக் காயத்தோடு ஆடியவரை, சகோதரி வாகன விபத்தில் இறந்த மறுநாளும் களமிறங்கியவரை, சில மாதங்களுள் அதே கிளீவ்லாந்துக்கு அனுப்பியபோது எந்த உரிமையாளரின் உருவமும் கொளுத்தப்படவில்லை. வீரன் போனால் துரோகி. கழகம் அனுப்பினால் தீர்க்கதரிசி.

லெனாட்டின் விடயம் இதற்கு ஒரு வெளிச்சம் தரும். அவர் ரொறொன்ரோவில் ஒரு பருவம் ஆடி, கிண்ணத்தைக் கொடுத்து, 2019 யூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். அவரை அந்நகரம் பெரும்பாலும் வெறுக்கவில்லை. காரணம் எளிது: இருப்பேன் என்று அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொல் இல்லாத இடத்தில் துரோகமும் இல்லை. விசுவாசம் என்பது காலநீட்சியிலிருந்து மட்டும் பிறப்பதன்று. கொடுத்து வாங்கிய சொல்லிலிருந்து பிறப்பது. ஆதலின் உஜிரி மீது வைக்கத்தக்க குற்றம் லெனாட்டை விரும்பியது அன்று. ‘உன்னைக் கொடுக்க நேரலாம்’ என்ற கசப்பான வசனத்தை, அதற்கு ஏற்ற முகத்தின் முன்னே, ஏற்ற காலத்திற் கூறாதது. அதனைக் கூறியிருப்பின் கிண்ணம் வராது போயிருக்குமா? பேரம் சற்றுக் கடினமாகியிருக்கலாம். செய்தி வெளியே கசிந்திருக்கலாம். அதுதான் உண்மையின் விலை. அவ்விலையைக் கொடுக்க மனமில்லாது மிச்சம்பிடித்ததையே ‘பெறுபேறு’ என்று கொண்டாடுகின்றனர்.

மறுப்புரிமை கொடுத்தாற் கழகங்கள் முடங்கிப்போம் என்பாரும் உளர். 2022 இல் அவ்வுரிமையை எழுதுவித்துக்கொண்ட பிறட்லி பீல், மறு ஆண்டு வொஷிங்ரனிலிருந்து பீனிக்ஸுக்குத் தாம் இசைந்தே சென்றார். பீனிக்ஸ் பின்னர் அவரை மாற்றவியலாது இடருற்று, 2025 இல் ஒப்பந்தத்தைப் பணங்கொடுத்து முடித்தது. இதனைக் காட்டிப் பயமுறுத்துவர். அவ்வுரிமை ஒப்பந்தத்தில் இருப்பதை அறிந்தே பீனிக்ஸ் அவரை ஏற்றது. அறிந்து செய்த பிழைக்கு விதியைப் பழித்துப் பயனில்லை. பேஸ்போலில் 1973 முதல் அவ்வுரிமை நிலவுகின்றது, கைமாற்றங்கள் நின்றுபோகவில்லை. ஒன்பது பருவங்களே ஆடிய டெறோசனுக்கு அவ்விதியும் ஓர் ஆண்டால் உதவியிராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆகவே கூடைப்பந்தாட்டத்துக்கு அதனை அப்படியே பெயர்த்தலும் போதாது. ஒரே கழகத்தில் ஏழாண்டு தொடர்ந்து ஆடியவரின் சம்மதம் பெறப்படவேண்டும் என, பேரத்துக்கு விடாது, பொது உடன்படிக்கையிலேயே எழுதுதல் வேண்டும். வீரர் சங்கம் ஊதிய வரம்பைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

2019 பெப்ரவரி 22 இல் டெறோசன் எதிரணிச் சட்டையோடு ரொறொன்ரோ அரங்குக்குள் வந்தார். அரங்கு முழுவதும் எழுந்து நின்று கரகோஷஞ் செய்தது. ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் அவர் கையிலிருந்த பந்தைப் பறித்துச் சென்று கூடையிலிட்டவர் லெனாட். ரொறொன்ரோ மூன்று புள்ளிகளால் வென்றது. அரங்கு அதற்கும் எழுந்து நின்றது.